தறிச் சத்தத்தை வெட்டாத பிள்ளை

வணக்கம் அண்ணே,

சனிக்கிழமை உங்கள் மகளின் மேல்படிப்பு பற்றிப் பேச என்னிடம் வந்துவிட்டுக் கிளம்பும்போது உங்கள் முகம் சரியில்லை. "சினிமாப் படிப்புன்னு போனா புள்ள கெட்டுப்போயிரும்" என்று வாசலில் நின்று மறுபடியும் சொன்னீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பா முதலில் கேட்டது டைரக்‌ஷன். ஏன் என்றேன். "படத்துல மதுரைன்னா அருவாளும் திருவிழாவும்தான். செல்லூர்ல எங்க வீடு மாதிரி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்ல மேடம்" என்றாள். நியாயமான கோபம். ஆனால் கோபத்தை மட்டும் நம்பி ஒரு படிப்பைக் கைகாட்ட எனக்கு மனசு வராது. "உன்னைப் பற்றி மூணு நிமிஷம் போனில் எடுத்துட்டு வா, நீ பேசக் கூடாது" என்று அனுப்பினேன்.

எடுத்து வந்ததில் அவள் முகமே இல்லை. தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும் உங்கள் கை, சோறு வடிக்கும் அம்மா, பாயில் அவள் கால், அவ்வளவுதான். படம் ஆடியது, சுமார்தான், அவளிடமே சொல்லிவிட்டேன். ஆனால் சத்தம்! அதே தறி அடுப்படியில் மந்தமாகக் கேட்கிறது, அவள் படிக்கும் மாடிப்படியில் வேறு மாதிரி கேட்கிறது. கடைசியில் கரண்ட் போய்த் தறி நிற்கிறது. கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை. அப்புறம் அம்மா இருமுகிறார். அந்த ஒரு இடத்துக்காக மூன்று நாள் போனும் கையுமாகக் காத்திருந்தாளாம்.

"இந்தச் சத்தத்துக்கு வெட்கப்பட்டே ஃப்ரெண்ட்ஸ் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல. ஹெட்போன்ல கேட்டப்பதான், இது இல்லாம எனக்குத் தூக்கமே வராதுன்னு தெரிஞ்சுச்சு" என்றாள்.

அண்ணே, இந்தப் பிள்ளைக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. டைரக்‌ஷனைவிட ஒலிப்பதிவுதான் அவளுக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அது 4 வருடப் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் கேட்பார்கள். அவள் சயின்ஸ் குரூப்தானே. இடங்கள் குறைவு. கிடைக்காவிட்டால் மதுரையிலேயே பி.எஸ்சி. இயற்பியல் படிக்கட்டும். புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகளில் ஒலிப் பிரிவுக்குப் பட்டம் முடித்துவிட்டுப் போகலாம். பி.காம். மட்டும் வேண்டாம், அதில் அவளுக்கு ஒட்டவே ஒட்டாது.

அந்தப் படத்தை உங்களிடம் காட்டக் கூச்சப்படுகிறாள். நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். வியாழக்கிழமை மூன்று பேருமாக வாருங்கள், விண்ணப்ப வேலையைப் பார்ப்போம்.