தம்பிக்காக வைத்த நகையும் மகளுக்கான கல்லூரியும்

கேள்வி: நான் திண்டுக்கல்லில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை. கணவர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 80,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு, மகனின் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக 20,000 மிஞ்சும். வங்கி வைப்பில் 6 லட்சம் இருக்கிறது. மகளுக்கு இரண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதலாவது மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ளது, மிகவும் கட்டுப்பாடானது, விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 3.30 லட்சம். இரண்டாவது சென்னைப் புறநகரில் உள்ளது, பல மாநிலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள், சுதந்திரம் அதிகம், ஆண்டுக்கு 3.75 லட்சம். படிப்புத் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மகளுக்கு இரண்டாவதில்தான் விருப்பம். என் தம்பி, “பெண் பிள்ளை கட்டுப்பாடான இடத்தில் இருக்கட்டும், எதற்கு வீண் செலவு” என்று சொல்லி, முதல் கல்லூரிக்கு 25,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டான். கூடுதல் பணம் கொடுத்து இரண்டாவதில் சேர்ப்பது சரியா? தம்பியின் சரக்கு வண்டித் தொழிலுக்காக என் 24 பவுன் நகையை வைத்து 7 லட்சம் வாங்கிக் கொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பவுன் விலை ஏறியிருப்பதால், புதுப்பிக்கும்போது இன்னும் 4 லட்சம் சேர்த்து வாங்கித் தரச் சொல்கிறான்.

பதில்: பாடத்திட்டம், தரவரிசை, வளாக நேர்காணல் ஆகியவற்றை எல்லாம் நீங்களே ஒப்பிட்டு முடித்துவிட்டீர்கள், அவற்றில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளில்தான் சிக்கல் இருக்கிறது. கல்லூரியை முடிவு செய்வதற்கு முன்னால் அதை முடிவு செய்தாக வேண்டும்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். இரண்டு கல்லூரிகளுக்கும் ஆண்டுக்கு 45,000 ரூபாய் வேறுபாடு, நான்கு ஆண்டுகளில் 1.80 லட்சம். நகரத்துக்கு அருகில் இருப்பதாலும் உடன் படிப்பவர்கள் செலவழிப்பதாலும் கைச்செலவு மாதம் 1,500 ரூபாயாவது கூடும். கல்லூரி நடக்கும் பத்து மாதங்களுக்குக் கணக்கிட்டால் நான்கு ஆண்டுகளில் 60,000. ஆக, சுதந்திரமான வளாகத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போவது ஏறத்தாழ 2.40 லட்சம். இப்போது நகைக்கடனைப் பாருங்கள். 7 லட்சத்துக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டு வட்டி 63,000 ரூபாய். கடிதத்துடன் இணைத்திருந்த வங்கி ரசீதுகளைப் பார்த்தால், முதலாண்டு வட்டியை மட்டும் தம்பி கட்டியிருக்கிறார். அடுத்த இரண்டு முறையும் உங்கள் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது. இதே நிலை மகள் படித்து முடிக்கும்வரை தொடர்ந்தால் வட்டிக்கு மட்டுமே 2.50 லட்சம் போய்விடும், அசலில் ஒரு ரூபாயும் குறைந்திருக்காது. மகளுக்குக் கொடுக்கலாமா என்று நீங்கள் தயங்கும் தொகையைவிடச் சற்று அதிகமான தொகை, கேள்வியே இல்லாமல் தம்பிக்காகப் போய்க்கொண்டிருக்கிறது.

வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிட்டால் நகை பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதிதான் இந்தக் கடனின் ஆபத்து. தவணை இல்லாமல் மொத்தமாகத் திருப்பிச் செலுத்தும் நகைக்கடனுக்கு 12 மாதம்தான் கெடு என்பதையும், அதுவரையிலான வட்டியைக் கட்டிய பிறகே புதுப்பிக்க முடியும் என்பதையும் 2025-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் தெளிவாக்கியிருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை வட்டியைப் புரட்டியே ஆக வேண்டியவர் நீங்கள். வண்டி ஓட்டிச் சம்பாதிப்பவர் அவர். பவுன் விலை ஏறியதால் உங்கள் நகைக்குக் கிடைத்த கூடுதல் மதிப்பு உங்களுடைய சேமிப்பு. அதையும் அடகு வைத்து 4 லட்சம் வாங்கினால் கடன் 11 லட்சமாகும், வட்டி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தொடும். பவுன் விலை இறங்கும் ஆண்டில் வங்கி அதே தொகைக்குப் புதுப்பித்துத் தராது. குறையும் தொகையைக் கையிலிருந்து கட்டச் சொல்லும். அந்த ஆண்டு உங்கள் மகள் மூன்றாம் ஆண்டில் இருக்கக்கூடும். ஆகவே அந்த 4 லட்சத்துக்கு என் பதில் முடியாது என்பதுதான். இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

தாய்மாமனின் சொல்லைத் தட்டுவது எவ்வளவு சங்கடம் என்பதை அறியாமல் இதை எழுதவில்லை. நாளைக்கு உங்கள் மகளுக்குச் சீர் கொண்டுவர வேண்டியவர் அவர். முன்பணம் கட்டியதும் அக்கறையில்தான் என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால், திருப்பித் தர வேண்டிய கடனை வைத்திருப்பவரே, மகளின் கல்லூரியில் எது வீண் செலவு என்று தீர்மானிப்பது முறையாகாது. அவரை வீட்டுக்கு அழைத்து, கணவரையும் உடன் வைத்துக்கொண்டு, வட்டி ரசீதுகளைக் காட்டிப் பேசுங்கள். உங்கள் கடன் 4 லட்சம், 3 லட்சம் என இரண்டு கணக்குகளாக இருப்பது ஒரு வசதி. 3 லட்சம் கணக்கை ஆறு மாதத்துக்குள் அவர் அடைத்து அந்த நகையை மீட்டுத் தர வேண்டும். தேவையானால் வண்டியின் பேரில் அவருடைய பெயரிலேயே கடன் வாங்கட்டும். மீதி 4 லட்சத்துக்கு மாதம் 12,000 ரூபாயை நேராக வங்கிக் கணக்கில் செலுத்தினால், வட்டியும் சேர்த்து ஏறத்தாழ மூன்றேகால் ஆண்டுகளில் தீர்ந்துவிடும். உங்கள் கையில் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். ஆறு மாதத்தில் எதுவும் நடக்காவிட்டால் நகையில் ஒரு பகுதியை விற்றுக் கடனை முழுமையாக அடைத்துவிடுங்கள். இன்றைய விலைக்கு 24 பவுனில் பாதிக்கும் குறைவாக விற்றாலே 7 லட்சம் தீர்ந்துவிடும். நகையை விற்பது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் ஆண்டுதோறும் வட்டி கட்டி, எடுத்து அணியவே முடியாத நகையை வைத்திருப்பதைவிட மீதி 12 பவுனாவது வீட்டுக்கு வருவது மேல்.

அவசரச் செலவுக்கு 2 லட்சத்தைத் தொடாமல் வைத்துவிட்டால் வைப்பிலிருந்து 4 லட்சம் எடுக்கலாம். மாதம் மிஞ்சும் 20,000 நான்கு ஆண்டுகளில் 9.60 லட்சம் தரும். மொத்தம் 13.60 லட்சம். முதல் கல்லூரியின் 13.20 லட்சத்துக்கு இது போதும். இரண்டாவதின் 15 லட்சத்துக்கும் கூடுதல் கைச்செலவுக்கும் 2 லட்சம் குறையும். ஆனால் நகைக்கடன் வட்டி மாதம் 5,000 ரூபாயை இழுத்துக்கொண்டே இருந்தால், இரண்டாவதற்கு நாலரை லட்சம் வரை குறையும், முதலாவதற்கும் 2 லட்சம் குறையும். அதாவது, தம்பி சொன்ன மலிவான கல்லூரியில் சேர்த்தாலும் நீங்கள் கடன் வாங்கத்தான் வேண்டும்.

உங்கள் கணவரின் அலுவலக நண்பர் சொன்ன யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: 15 லட்சத்துக்கும் கல்விக்கடன் வாங்கிவிட்டு, கையிலுள்ள 6 லட்சத்தைப் பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் வட்டியைவிட அதிக லாபம் வரும் என்கிறார். சமூக ஊடகங்களில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் இல்லை. கடன் வட்டி நிச்சயம், ஃபண்டு லாபம் எதிர்பார்ப்பு மட்டுமே. ஒவ்வொரு ஜூன் மாதமும் கட்டணத்துக்குத் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் விட்டுவிட்டு, சரிந்த நேரத்தில் எடுக்க நேர்ந்தால் யாரும் ஈடு செய்யமாட்டார்கள். அதேபோல், சேர்க்கை அலுவலகத்தில் மேசை போட்டு “வட்டியில்லாத் தவணை” தரும் நிதி நிறுவனங்களிடமும் கையெழுத்துப் போட வேண்டாம். வட்டி இல்லாவிட்டாலும் செயலாக்கக் கட்டணமும் தாமதக் கட்டணமும் உண்டு.

குறையும் தொகைக்கு வங்கிக் கல்விக்கடன் போதும். 4 லட்சம் வரை ஈடும் கேட்கமாட்டார்கள், உங்கள் பங்காக ஒரு தொகை போடவும் சொல்லமாட்டார்கள். மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பிரதம மந்திரி வித்யாலட்சுமியின் பட்டியலில், நீங்கள் சேர்க்கப்போகும் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டுவதால் 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்காது, ஆனால் ஈடில்லாமல் கடன் பெறலாம். 4 லட்சத்துக்கும் முதலாண்டிலேயே அனுமதி வாங்கிவைத்து, தேவைப்படும் ஆண்டில் மட்டும் பணத்தை எடுங்கள். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவருபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன.

இனி வளாகச் சூழலுக்கு வருகிறேன். முதல் கல்லூரியில் மாலை 6 மணிக்கு விடுதிக் கதவை மூடிவிடுவார்கள், இரவில் கைபேசியை வாங்கிவைத்துவிடுவார்கள், மாணவனோடு நின்று பேசினால் வீட்டுக்குத் தகவல் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளி ஒன்றில் இதே முறையில் முடித்தவள். “இன்னும் நாலு வருஷம் அப்படியே இருக்க முடியாதும்மா” என்று அவள் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் முழுவதிலும் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றிய வரி அதுதான், பணக் கணக்கிலும் அதற்கு இடம் உண்டு. பிடிக்காத இடத்தில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் நொந்துபோய்ப் படிப்பை விட்டால் இழப்பு ஆறரை லட்சத்துக்கும் மேல். ஒன்றிரண்டு ஆண்டுகளும் போய்விடும். கட்டுப்பாட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் கல்லூரியே நல்ல தேர்வு. தன்னால் இயலாது என்று இரண்டு ஆண்டு அனுபவத்திலிருந்து சொல்பவளிடம் அதைத் திணிக்கக் கூடாது. இரண்டாவது கல்லூரிக்கு ஒருநாள் அவளோடு போய், விடுதி உணவுக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் பேசுங்கள்: மாதம் எவ்வளவு செலவாகிறது, வெளியே போவதற்குப் பணமில்லை என்றால் தனித்துவிடப்படுகிறார்களா, இரவு நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் பாதை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் அங்கேயே சேருங்கள். மாதக் கைச்செலவை 3,000 ரூபாய் என்று முதல் நாளிலேயே வரையறுத்து, அவள் கணக்கில் போட்டு, கணக்கை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

தம்பி கட்டிய 25,000 வீணாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பாகவே விலகினால், செயலாக்கத்துக்காக அதிகபட்சம் 5 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்; பிறகு நாளாக ஆக 90, 80, 50 சதவீதம் என்று குறைந்து, கடைசி நாள் கடந்து 30 நாளுக்கு மேல் ஆனால் எதுவும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் அனுமதி இல்லை. விலகலை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகல் வாங்குங்கள். இழுத்தடித்தால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யுங்கள். பணம் வந்ததும், தம்பியின் சம்மதத்தோடு அதை 3 லட்சம் நகைக்கடன் கணக்கிலேயே செலுத்தச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பங்காக அந்தக் கணக்கில் விழும் முதல் தொகையாக அது இருக்கட்டும்.