மழை மாதத்தில் ஒரு நாவல்

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் அருமனை. மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். நவம்பர் ஒரே மாதத்தில் நாவல் எழுதி முடிக்கும் சவால் ஒன்று உண்டாமே? ஒரு ஆசைக்காக நானும் எழுதிப் பார்க்கலாமா? வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். பிள்ளைகள் இரண்டு. நேரம் கிடைக்குமா?
- ஒரு வாசகி

பதில்: எழுதுங்கள் தங்கச்சி. ஆசைக்காக என்கிறீர்களே, அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

1999-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது இது. மொத்தம் 21 பேர். அந்த வருடம் ஜூலையில் எழுதினார்கள். மறு வருடமே நவம்பருக்கு மாற்றிவிட்டார்கள், வானிலை மோசமாக இருக்கும் மாதம் என்பதால். நமக்கும் அது அடைமழைக் காலம்தானே! 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667. இதை நடத்திவந்த அமைப்பு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் நோட்டைத் திறந்து எழுத யாரிடமும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை.

50,000 என்பது ஆங்கிலத்துக்கு வைத்த கணக்கு. தமிழில் அதே கதை குறைந்த சொற்களில் அடங்கிவிடும். உங்களுக்கு 30,000 போதும்.

நேரத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கியதும், பிள்ளைகள் எழும்பும்வரை உள்ள பொழுது உங்களுடையது. மழை பெய்தால் வெட்டு கிடையாது, அவர் வீட்டில்தான் இருப்பார். அன்றைக்குச் சாயா போடுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதும் அவர் வேலை என்று இப்போதே பேசிவையுங்கள். நவம்பர் 1 நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாக உறங்குவார்கள். தொடங்க அதைவிடத் தோதான காலை வேண்டுமா?

ஒன்று மட்டும் கவனம். மாதக் கடைசியில் கிறிஸ்துமஸ் துணி வியாபாரம் சூடு பிடித்துவிடும், உங்களுக்கு நிற்கவே நேரம் இருக்காது. அதனால் முதல் இரண்டு வாரம் நாளுக்கு 1,300 வீதம் எழுதிவிடுங்கள். பிறகு 700, 800 எழுதினாலே கணக்கு நேராகிவிடும்.

முந்தின நாள் எழுதியதைத் திருத்த மட்டும் உட்காராதீர்கள். கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு மேலே போங்கள். பாத்திரத்தின் பெயர் நடுவில் மாறினாலும் மாறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எதை எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கல்யாணத் துணி எடுக்க ஒரு குடும்பமே உங்கள் கடைக்கு வருகிறது. மாமியார் ஒரு நிறம் சொல்கிறார், பெண் வேறு நிறத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பில் போடும் இடத்தில் இருப்பவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள், யார் முகம் திருப்புகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அதை எழுதுங்கள். அவர்கள் பேசுவதை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள். மலையாள வாடை அடிக்கிறதே என்று ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். அந்தப் பேச்சு நாவலில் வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

டிசம்பரில் அதைத் தொடாதீர்கள், பெருநாள் முடியட்டும். ஜனவரியில் எடுத்துப் படித்துவிட்டு முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள்.