காலை எடுத்த பின்னும் ரேஸ் இறங்காத பழைய கார்: கேள்வி பதில்

காரைக்குடியில் பழைய கார்களைப் பழுதுபார்ப்பதே என் தொழில். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வேகம் குறையாத வண்டிகளைப் பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்த வேலைக்குள் அடங்கும் கேள்விகளுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கானாடுகாத்தான்: முன்னோரை வழிபடும் படைப்புக்காக ஊருக்கு வந்து, மாதக்கணக்கில் செட்டில் நின்ற மாருதி 800 காரை எடுத்தோம். கார்புரேட்டர் வண்டி. திருமயம் சாலையில் முந்துவதற்காக அழுத்திவிட்டுக் காலை எடுத்தேன்; ரேஸ் இறங்கவே இல்லை. பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் நிறுத்த முடிந்தது. என்ன காரணம்?

காரணத்துக்கு முன்னால் நிறுத்தும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் செய்தது ஆபத்தானது. பிரேக் பூஸ்டர் உள்ள பெட்ரோல் வண்டியில், பிரேக்குக்குத் துணை நிற்பது என்ஜினின் உறிஞ்சு விசை. த்ராட்டில் (என்ஜினுக்குள் காற்றை விடும் கதவு) முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த விசை ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். பூஸ்டரில் மிச்சமிருப்பது ஓரிரு மிதிகளுக்குத்தான் வரும். மிதித்து விட்டு, மிதித்து விட்டு அதைத் தீர்த்துவிட்டால் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஆகவே கிளட்சை முழுதாக அழுத்துங்கள், பிரேக்கை ஒரே மிதியாக அழுத்தி, காலை எடுக்காமல் பிடியுங்கள், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். என்ஜின் அலறும், அலறட்டும். வண்டி ஓரத்தில் நின்ற பிறகு சாவியை அணையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைத்தாக வேண்டிய நிலை வந்தால் ஒரு படி மட்டும் திருப்புங்கள். கடைசி வரை திருப்பிச் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இனி காரணம். நின்ற வண்டியில் நான் முதலில் பார்ப்பது ஆக்சிலரேட்டர் கேபிள். பெடல் பக்கம் அது வளைந்து உள்ளே நுழையும் இடத்தில் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, உறைக்குள் முள்ளாகக் குத்தி நிற்கும். லேசாக அழுத்தி ஓட்டும்வரை தெரியாது. முழுதாக அழுத்தினால் அறுந்த இழை உறையின் விளிம்பில் மாட்டிக்கொண்டு திரும்பி வராது. அடுத்தது கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் தகடான பட்டர்ஃபிளை சுழலும் தண்டு. நம் ஊர்ச் செம்மண் புழுதியும் பெட்ரோல் வற்றிய பிசினும் சேர்ந்து அதைப் பிடித்துவிடும். மூன்றாவது, துருவேறித் தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங்.

இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து, ஒருவரைப் பெடலை முழுதாக அழுத்தி விடச் சொல்லுங்கள். கார்புரேட்டர் மேலுள்ள நெம்பு ‘டக்’ என்று திரும்பி வந்து இடிக்க வேண்டும். வரவில்லையென்றால் கேபிளைக் கழற்றிவிட்டு நெம்பைக் கையால் திருப்புங்கள். இப்போதும் ஒட்டினால் குற்றம் கார்புரேட்டரிலோ ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. இலேசாக வந்தால் கேபிளில் இருக்கிறது. நின்ற வண்டி எதையும் இந்தச் சோதனை செய்யாமல் தெருவில் இறக்காதீர்கள். கேபிளை மாற்றும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பள்ளத்தூர்: எங்கள் வண்டி எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும் வகை). நிற்கும்போது ரேஸ் தானாக ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள்.

சென்சாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள். இன்டேக் பக்கத்து ரப்பர் ஹோஸ்கள் வெயிலில் வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்ய முயல, ஐடிலிங் (பெடலைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஊசலாடும். இரண்டாவது, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். பழைய எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் சிலவற்றில் ஐடில் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு கூலன்டின் சூட்டை வைத்தே இயங்குகிறது. ரேடியேட்டரில் அளவு குறைந்து காற்று அடைத்துக்கொண்டால், என்ஜின் சூடாகியும் வால்வுக்கு அது தெரியாது. நம் பக்கத்துக் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி உப்புப் பாரித்த ரேடியேட்டர்கள் ஏராளம். கூலன்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு சென்சாரைப் பற்றிப் பேசுங்கள்.

கோட்டையூர்: ஏ.சி. போட்டால் ரேஸ் சற்றுக் கூடுகிறது.

கூட வேண்டும். கம்ப்ரஸரின் சுமையைத் தாங்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

தேவகோட்டை: ஐயா, எங்கள் ஐயா வைத்திருந்த அம்பாசிடர். முதல் கியரில் கிளட்சை விட்டால் வண்டி பாய்கிறது. நான் பெடலை அவ்வளவு அழுத்தவே இல்லை. கேபிள் புதிது.

பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, நம்பிக்கையான ஒருவரைக் கிளட்சைச் சிறிதளவு மட்டும் விட்டுப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று என்ஜினைக் கவனியுங்கள்; வண்டிக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம். என்ஜின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்துவிட்டது. என்ஜின் எழும்போது கேபிளை அதுவே இழுக்கும், கேபிள் த்ராட்டிலைத் திறக்கும், திறந்த த்ராட்டில் என்ஜினை இன்னும் தூக்கும்.

இது அபூர்வமான கோளாறு அன்று. அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில் வந்த செவர்லே கார்களில் இதே மவுண்டிங் பிய்ந்து, வண்டிகள் தாமாகப் பாய்ந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1971 டிசம்பரில் ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, என்ஜின் எழாதபடி கம்பிக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தது. உங்களுக்குக் கயிறு வேண்டாம். இரண்டு பக்கத்து மவுண்டிங்கையும் ஒன்றாக மாற்றினால் போதும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது சீக்கிரம் போய்விடும்.

ஆத்தங்குடி: தம்பி, எங்கள் வண்டி பழைய ஆட்டோமேட்டிக். வீட்டு வாசலில் ரிவர்ஸில் போட்டேன். திடீரென்று பின்னால் பாய்ந்து தூணில் இடித்துவிட்டது. நான் பிரேக்கைத்தான் மிதித்தேன். எல்லாரும் என் காலைக் குறை சொல்கிறார்கள்.

ஆச்சி, உங்களுக்கு அடி எதுவும் படாதது பெரிது. குறை சொல்வதற்கு முன் வண்டியைப் பார்க்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில், குளிர்ந்த என்ஜினில், ஐடிலிங் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த நேரத்தில் கியரைப் போட்டால் ஆட்டோமேட்டிக் வண்டி குதிக்கும். பின்னால் பார்ப்பதற்காக உடம்பைத் திருப்பும்போது இடுப்போடு வலது காலும் இடம் மாறும் என்பதும் உண்மை. வண்டி குதித்த அதிர்ச்சியில் எந்த வயதினரும் கால் இருக்கும் இடத்திலேயே இன்னும் பலமாக அழுத்துவார்கள். ஆகவே ஐடில் வால்வையும் கேபிளையும் சோதிக்கச் சொல்லுங்கள், பெடலுக்கடியில் விரித்திருக்கும் மேட்டை (கால் மிதி விரிப்பை) பாருங்கள், இனி ரேஸ் இறங்கும்வரை காத்திருந்து, பிரேக்கில் கால் அழுந்தியதை உணர்ந்த பிறகே கியரைத் தொடுங்கள்.

நாச்சியாபுரம், இப்போது சென்னை: ஆச்சிக்கு நீங்கள் சொன்ன பதில் கம்பெனிகள் சொன்ன அதே பதில். டொயோட்டா கார்கள் தாமாகப் பாய்ந்த வழக்கில் மென்பொருள்தான் குற்றவாளி என்று நீதிமன்றமே சொல்லவில்லையா? நான் மென்பொருள் துறையில் இருப்பவன். நம்பகமில்லாத நிரலை வண்டியில் வைத்துவிட்டு ஓட்டுபவர் காலைக் காட்டுவது அநியாயம்.

கண்டனூர்: அவர் பாதிக் கதையைச் சொல்கிறார். நாசாவே ஆராய்ந்து எலக்ட்ரானிக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டது. எல்லாம் ஓட்டுபவர் தவறுதான்.

இருவரும் சொல்வதில் பாதி சரி. விட்டுப்போன பாதிதான் முக்கியம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆடி. 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ஆடி 5000 கார் தானாகப் பாய்வதாகக் காட்டியது. காட்டப்பட்ட வண்டியின் கியர்பாக்ஸில் துளையிட்டு அழுத்தக் காற்றைச் செலுத்தியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. 1989இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலான விபத்துகளுக்குப் பெடல் மாறி மிதித்ததே காரணம் என்றது. ஆனால் அதே ஆய்வில், ஆடியின் ஐடில் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருந்து எதிர்பாராமல் ரேஸ் ஏறியதையும், அது ஓட்டுபவரைத் திடுக்கிட வைத்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஆச்சிக்கு நான் சொன்னது இதைத்தான்: வண்டி ஆரம்பித்ததைக் கால் முடித்துவைக்கும். வண்டியின் பங்கைத் திருத்தினால் காலின் பங்கு பெரும்பாலும் நிகழவே நிகழாது.

அடுத்து டொயோட்டா. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான்டியேகோ அருகே நால்வர் இறந்த விபத்தில் பெடலைப் பிடித்துக்கொண்டது அந்த வண்டிக்கு உரியதல்லாத தரை மேட். பிறகு திரும்பி வராமல் ஒட்டிக்கொள்ளும் பெடல்களும் கண்டுபிடிக்கப்பட்டன. கண்டனூர்க்காரர் சொல்லும் நாசா அறிக்கை 2011 பிப்ரவரியில் வந்தது; த்ராட்டில் பெரிதாகத் திறந்துகொள்ளும் அளவுக்கு எலக்ட்ரானிக் கோளாறு எதையும் அவர்கள் காணவில்லை. கோளாறே இருக்க முடியாது என்று அவர்கள் சொல்லவுமில்லை. பெடல் சென்சார் ஒன்றில் வெள்ளீயம் மெல்லிய இழையாக வளர்ந்து இணைப்புகளைத் தொட்டிருந்ததையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். நாச்சியாபுரத்துக்காரர் சொல்லும் வழக்கு 2013 அக்டோபரில் ஓக்லஹோமாவில் முடிந்தது. மென்பொருளின் குறைகளை நிபுணர் எடுத்துக்காட்ட, ஜூரி நிறுவனத்தின் மீது பொறுப்பைச் சுமத்தியது. 2014 மார்ச்சில் அந்நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது மேட், பெடல் பற்றிய உண்மைகளை மறைத்ததற்காக, மென்பொருளுக்காக அன்று.

இவையெல்லாம் ஆட்டோமேட்டிக் அல்லது கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளின் கதை. கார்புரேட்டர் காலத்து வண்டியில் மென்பொருளே கிடையாது. அதில் பெடலுக்கும் என்ஜினுக்கும் இடையில் இருப்பது கேபிளும் ஸ்பிரிங்கும்தான், கண்ணால் பார்த்துக் கையால் சோதித்துவிடலாம். விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம்.

புதுவயல்: பழைய டீசல் வண்டி. அணைத்த பிறகும் ரேஸ் ஏறிக்கொண்டே போய், புகை கக்கி, தானாக நின்றது.

இது எல்லாவற்றிலும் மோசமானது. டீசல் என்ஜினை நிறுத்த, அதற்குப் போகும் டீசலை வெட்ட வேண்டும். ஸ்டாப் கேபிளோ, டீசல் பம்பில் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக்கோ ஒட்டிக்கொண்டால் சாவியைத் திருப்பிப் பயனில்லை. காற்றழுத்தக் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள பம்ப் என்றால், உள்ளே டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தாலோ அதற்குப் போகும் குழாய் விட்டாலோ ரேக் முழு அளவுக்குப் போய்விடும். டர்போ வண்டி என்றால், டர்போ சீல் போய் என்ஜின் தன் சொந்த ஆயிலையே எரித்து ஓடும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இது நேரும். மறுபடி நேர்ந்தால், வண்டி நின்ற நிலையில் ஹேண்ட் பிரேக்கும் பிரேக்கும் அழுத்திப் பிடித்து, மிக உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினை அடைத்து நிறுத்துங்கள். காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் மூடலாம். கையாலோ துணியாலோ மூடவே கூடாது. பம்பைப் பிரிக்கும் வேலை பம்ப் பட்டறைக்காரருடையது, அவரிடம் கொண்டுபோங்கள்.

வலையப்பட்டி: ரேஸ் ஒட்டுகிறது. கேபிளுக்கு எந்த ஆயில் விடலாம்?

எதுவும் வேண்டாம். உள்ளே வழுக்கும் உறையுள்ள கேபிளில் ஆயில் விட்டால் புழுதி சேர்ந்து களிம்பாகும். முதல் பதிலைப் படியுங்கள், கேபிளை மாற்றுங்கள்.

ராயவரம்: காலை எடுத்தால் ரேஸ் இறங்க நேரமாகிறது. கேபிளா, கார்புரேட்டரா?

முதல் பதிலில் சோதனை இருக்கிறது.

கானாடுகாத்தான், இன்னொருவர்: த்ராட்டில் பாடியில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் ரேஸ் குறையும் என்கிறார்கள்.

பெயிண்ட் புள்ளி வைத்து முத்திரையிட்ட ஸ்க்ரூ என்றால் தொடாதீர்கள். அது பட்டர்ஃபிளை முழுதாக மூடி உடம்பில் சிக்காமல் தடுக்கும் தடுப்பு. அதைத் திருகிக் கெடுத்த வண்டியைத் திருத்துவது, முதலில் இருந்த கோளாறைத் திருத்துவதைவிடக் கடினம். விளிம்பில் படிந்த கரியைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேவகோட்டை, இன்னொருவர்: இடித்ததற்கு இழப்பீடு கேட்கலாமா?

வக்கீலைக் கேளுங்கள். வண்டியை மட்டும் பழுதுபார்ப்பதற்கு முன் படமெடுத்து வையுங்கள்.

பள்ளத்தூர், இன்னொருவர்: கால் வழுக்காமலிருக்கத் தேங்காய் நார் மேட்டைப் பழைய மேட்டின் மேலேயே போட்டிருக்கிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது, உடனே எடுத்துவிடுங்கள். மேட்டின் மேல் மேட் கூடாது, கொக்கி இல்லாத மேட் கூடாது. மேலே சொன்ன நான்கு உயிர்களும் பெடலைப் பிடித்துக்கொண்ட மேட்டால்தான் போயின.

திருப்பத்தூர்: விசேஷம் முடிந்து வீட்டைப் பூட்டப் போகிறோம். அடுத்த வருடம்தான் வருவோம். கார்புரேட்டர் உள்ள பத்மினி கார். எப்படி விட்டுவிட்டுப் போவது?

நல்ல கேள்வி. கார்புரேட்டர் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுத்து உள்ளே வெள்ளையாகப் பூத்துவிடும். சோக் குமிழை முழுதாக உள்ளே தள்ளிவிடுங்கள். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றுங்கள். மேட்டை வெளியே எடுங்கள்; எலி கூடு கட்டுவது அதற்கடியில்தான், பிறகு கேபிளின் உறையைக் கடிப்பதும் அங்கிருந்துதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து ஆக்சிலரேட்டர் பெடலைக் கையால் அழுத்தி விட்டு, அது முழுதாக மேலே வருகிறதா என்று பார்த்துத் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். வரவில்லை என்று அவர் சொன்னால், நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே கேபிளுக்குச் சொல்லி வைத்துவிடலாம். பத்மினிக்கு அது இப்போதெல்லாம் கேட்ட அன்றே கிடைப்பதில்லை.