டீசல் சிந்திய மண்ணுக்கு பாக்டீரியா பவுடர் வாங்கலாமா?

கேள்வி: கிணற்று மேட்டில் வைத்திருந்த டீசல் கேன் கவிழ்ந்து 25 லிட்டரும் மண்ணில் இறங்கிவிட்டது. பத்துக்குப் பத்தடி இடம். மூன்று மாதமாகியும் வாடை போகவில்லை, புல்கூட முளைக்கவில்லை. எண்ணெய் தின்னும் பாக்டீரியா பவுடர் வாங்கிப் போடலாமா?

பதில்: அந்தப் பணம் இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும். டீசலைத் தின்னும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் உங்கள் மண்ணிலேயே இருக்கும். அவற்றுக்குத் தீனி நிறையக் கிடக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் காற்றும்தான் போதவில்லை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் ஒதுங்கிய கரைகளில், பாக்டீரியாவுக்கு உதவ உரத்தைத்தான் பெரிய அளவில் போட்டார்கள்.

முதலில் மண்வெட்டியால் தோண்டி, வாடை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். கிணறு பக்கத்தில் இருப்பதால் அந்த மண்ணை அள்ளி, தள்ளி ஓரிடத்தில் கெட்டியான தார்ப்பாய் மேல் அரையடி உயரத்துக்குப் பரப்புவதே நல்லது. மழைத் தண்ணீர் வழிந்தோடாதபடி சுற்றிலும் வரப்பு கட்டுங்கள். நன்றாக மட்கிய சாணமும் கொஞ்சம் உமியும் கலந்தால் மண் பொலபொலப்பாகிக் காற்று புகும்.

உரக் கணக்கு இது: எண்ணெயில் உள்ள கரி (கார்பன்) 100 பங்குக்கு நைட்ரஜன் (தழைச்சத்து) 10, பாஸ்பரஸ் (மணிச்சத்து) 1. 25 லிட்டர் டீசல் ஏறக்குறைய 21 கிலோ. அதற்கு யூரியா 4 கிலோ, சூப்பர் பாஸ்பேட் இரண்டரை கிலோ வரும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் பாக்டீரியாவே மடியும். அரைக் கிலோ வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுங்கள். வாரம் ஒருமுறை கிளறுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு கிலோ எண்ணெயைத் தீர்க்க மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும், உரத்தைவிட அதுதான் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

எண்ணெய் மண்ணில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கிளறுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது.

சிந்தியது இஞ்சின் கழிவு ஆயில் என்றால் கதை வேறு. அதில் ஈயம், துத்தநாகம் போன்றவை இருக்கலாம். உலோகத்தை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது.

நான்கைந்து மாதம் கழித்து இந்த மண்ணில் ஒரு தொட்டி, நல்ல மண்ணில் ஒரு தொட்டி என்று தட்டைப்பயறு ஊன்றிப் பாருங்கள். இரண்டும் ஒரேமாதிரி முளைத்து வளர்ந்தால் மண்ணைப் பழைய இடத்தில் போடலாம். அப்புறம், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை யாரும் குடிக்க வேண்டாம்.