நுரையீரல் நோய்க்குக் கபாலபாதி செய்யலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 66 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் சிகரெட் பிடித்தவர், போன வருஷம்தான் விட்டார். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்றார்கள், மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்ப் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு தினமும் காலையில் பூஜை அறையில் கபாலபாதி செய்கிறார், அப்புறம் மூச்சை அடக்கிப் பார்க்கிறார். முடித்ததும் அரை மணி நேரம் இளைக்கிறது. பழகினால் சரியாகிவிடும், பம்ப்பையும் விட்டுவிடலாம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாம் என்கிறார். சரியா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பம்ப்பை ஒரு நாள்கூட விடக்கூடாது அம்மா. கபாலபாதியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்த நோய் உள்ளவர்களுக்குக் காற்று உள்ளே போகவில்லை என்றுதான் தோன்றும், ஆனால் உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். வருஷக்கணக்காகப் புகை பட்டதில் சிறு மூச்சுக்குழாய்கள் சுருங்கித் தளர்ந்துவிடுகின்றன, மூச்சை விடும்போது அவை மூடிக்கொள்கின்றன, பழைய காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சு வந்து ஏறிக்கொள்கிறது. கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேகமான மூச்சு, காற்று வெளியேற அவகாசமே தராது. அவருக்கு அரை மணி நேரம் இளைப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். பழகப் பழகச் சரியாகிற விஷயம் இல்லை இது.

மூச்சை அடக்குவதும் வேண்டாம். 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடுவது திருமூலர் சொன்ன கணக்கு. நடுவில் இருக்கும் 64-ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள், விடுகிற மூச்சு இழுக்கிற மூச்சைப் போல இரண்டு மடங்கு. அதுதான் அவருக்கு வேண்டியது! நுரையீரல் சிகிச்சையில் சொல்லித் தருவதும் இதே அளவுதான்.

நாற்காலியில் சற்று முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்காரட்டும். மூக்கால் 2 எண்ணி இழுத்து, சூடான தே தாரிக்கை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து 4 எண்ணி விடட்டும். உதடு குவிவதால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்று குழாய்கள் மூடாமல் இருக்கும். பலமாக ஊத வேண்டாம், தானாக வடியட்டும். ஐந்து நிமிடம் போதும், தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். வண்டு போல ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிராமரி பிடித்தால் அதுவும் செய்யலாம், ரீங்காரத்தில் மூச்சு தானே நீளும். வயிற்று மூச்சை மட்டும் வலிந்து செய்யச் சொல்லாதீர்கள், நோய் முற்றியவர்களுக்கு அது இளைப்பைக் கூட்டும்.

பூஜை அறை வேண்டாம் என்பேன், சாம்பிராணியும் ஊதுபத்தியும் அவருக்குப் புகைதான். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யட்டும்.

பலன் உண்டா என்றால், உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2012-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மூன்று மாதம் பிராணாயாமம் செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் சராசரியாக 45 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் அது இரண்டே சிறு ஆய்வுகளை வைத்துச் சொன்னது, நோயை மாற்றியது என்று அதில் இல்லை.

தண்ணீர்மலை ஆசை நல்ல ஆசை, அதை உடைக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், வழக்கமாக 6 முதல் 8 வாரம். இப்போதைக்கு வீட்டுப் படியிலேயே பழகட்டும்: நின்று மூச்சை இழுத்து, ஊதிக்கொண்டே ஒரு படி, முடிந்தால் இரண்டு, மறுபடி நின்று இழுக்க வேண்டும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வழக்கமில்லாத தூக்கக் கலக்கம் வந்தாலோ பயிற்சி எதையும் முயன்று பார்க்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள்.