வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரைட்டர்ஸ் பாதியில விட்ட நாவல் எல்லாம் குப்பைக்குத்தான் போகுமா சார்?

பதில்: எல்லாம் போகாதுங்க. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 2006ல இறந்துட்டாங்க, அவங்க எதையுமே தூக்கிப் போடாத ஆளு, டிராஃப்ட், டைரி, லெட்டர்னு 350 பெட்டிக்கு மேல இப்போ கலிஃபோர்னியா ஹன்டிங்டன் லைப்ரரில இருக்கு, அவங்க பொறந்த பசடீனாவுக்குப் பக்கத்துலயே. ‘பேரபிள்’ வரிசையோட மூணாவது நாவலை திரும்பத் திரும்ப ஆரம்பிச்சு நிறுத்தின பக்கங்களும் அதுலதான். எனக்குப் பிடிச்சது 1988 நோட்டுப்புத்தகம், நான் பெஸ்ட்செல்லர் ரைட்டர் ஆவேன்னு தனக்குத்தானே ஆர்டர் போட்டு எழுதியிருப்பாங்க. (2020ல அவங்க நாவல் ஒண்ணு நிஜமாவே நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல வந்துச்சு!) ஆராய்ச்சி பண்றவங்க அனுமதி வாங்கிப் பாக்கலாம்.