தருமிக்கு எதிரே நின்றவர்

அன்புள்ள சார்,

எனக்கு 26 வயது. கோவையில் ஐடி வேலை. போன வாரம் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது ‘திருவிளையாடல்’ தருமி காட்சி வந்தது. நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். அடுத்து, நாகேஷின் கடைசிக் காலம் பற்றிய ஒரு சோக வீடியோ. மனசு கனத்துப் போய்விட்டது. மக்களைச் சிரிக்க வைத்தவர்களின் வாழ்க்கை மட்டும் ஏன் சார் இப்படிச் சோகமாகவே முடிகிறது? இவ்வளவு பெரிய நடிகருக்குப் பத்ம விருதுகூடத் தரவில்லையே? இன்றைய நகைச்சுவை நடிகர்களில் அவருக்கு இணையாக யாரைச் சொல்வீர்கள்? நான் பார்க்க வேண்டிய மூன்று நாகேஷ் படங்களையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நானும் ஒரு நாகேஷ் காட்சியைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பார்த்தது நாகேஷை அல்ல, அவருக்கு எதிரே நடித்த பாலையாவை. அதற்கு வருகிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

சிரிக்க வைத்தவர் வாழ்க்கை ஏன் சோகத்தில் முடிகிறது என்று கேட்கிறீர்கள். இது உங்கள் கேள்வியே இல்லை, அந்த வீடியோக்காரர் ஊட்டிவிட்டது. நாகேஷ் 1933-ல் பிறந்தார், 2009 ஜனவரி 31-ல் இறந்தார். 75 வயது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர் மேடைக்கு வந்து, அம்மைத் தழும்பு விழுந்த முகத்தோடு சினிமாவுக்குள் நுழைந்து, 1950களின் கடைசியிலிருந்து 2008-ல் வந்த ‘தசாவதாரம்’ வரைக்கும் நடித்தார். நடுவில் உடம்பு படுத்தியது, படங்கள் குறைந்தன, அப்புறம் திரும்பவும் வந்தன. உங்கள் பெரியப்பாவுக்கும் சர்க்கரை இருக்கும், ஓய்வு பெற்றபின் தேடி வருகிறவர்கள் குறைந்திருப்பார்கள். அவரைப் பற்றி யாராவது வயலின் வாசித்து வீடியோ போடுகிறார்களா?

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைச் சொல்வார்கள். சரி, லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-ல் கைதாகி 1947-ல் விடுதலையானார். ஆனால் அதே வழக்கில் அவரோடு உள்ளே போனவர் தியாகராஜ பாகவதர். அவர் என்ன காமெடியனா? வெளியே வந்தபின் கலைவாணர் மறுபடியும் ஜனங்களைச் சிரிக்க வைத்தார், படங்களும் ஓடின. எழ முடியாமல் போனவர் பாகவதர்தான். சந்திரபாபு 1974-ல் நொடித்துப் போய்ச் செத்தார் என்பார்கள். கதாநாயகியாக இருந்த சாவித்திரி எப்படிப் போனார்? சினிமாவில் பணம் வரும், போகும். போகிறபோது அது கதாநாயகன், காமெடியன் என்று ஆள் பார்ப்பதில்லை.

இந்த நம்பிக்கை நம் ஊரில் இவ்வளவு வேர் பிடித்ததற்கு நாகேஷே ஒரு பங்கு காரணம் என்று நினைக்கிறேன். 1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ பாருங்கள். ஓட்டல் சர்வர் பெரிய நகைச்சுவை நடிகனாகிறான், ஆசைப்பட்ட பெண் கிடைப்பதில்லை, அம்மாவையும் பறிகொடுக்கிறான். பாலசந்தர் எழுதிய கதை அது. அறுபது வருடமாக அந்தச் சுந்தரத்தின் கதையைத்தான் ஒவ்வொரு காமெடியன் தலையிலும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பத்ம விருது தரவில்லை. தந்திருக்கலாம். இன்றைக்கு இருப்பவர்களோடு ஒப்பிடச் சொன்னீர்கள், மாட்டேன்.

இப்போது தருமிக்கு வருவோம். நாகேஷ் தாராபுரத்தில் வளர்ந்தவர். நான் காங்கேயம் பக்கம். அதனால் அவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. தருமியை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால்தான் கேட்டேன். மாரியம்மன் நோன்பு சாட்டினால் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ‘திருவிளையாடல்’ ஒலிச்சித்திரம் போடுவார்கள். புலம்பல், இழுவை, மூச்சு வாங்குவது எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். தருமி கொண்டுபோகிற ‘கொங்குதேர் வாழ்க்கை’ பாட்டு, எங்கள் கொங்கு நாட்டுத் தேரைப் பற்றியது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கொங்கு என்றால் பூந்தாது, தேர்தல் என்றால் தேடுவது, அது தும்பியைப் பார்த்துச் சொல்கிற குறுந்தொகைப் பாட்டு என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எட்டாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு அந்தக் காட்சியைப் போட்டோம். ஒல்லியாக ஒரு பையன் இருந்தான், அவன் தருமி. உயரமாக இருந்ததால் நான் சிவன். தலைமையாசிரியரின் பட்டு அங்கவஸ்திரத்தை வாங்கித் தோளில் போட்டுவிட்டார்கள். நானும் அதுவரை படம் பார்த்ததில்லை, கேட்டதுதான். குழாய் ஸ்பீக்கரில் பேசுகிறவன் மட்டும்தானே தெரிவான்? பேசாமல் நிற்கிறவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திரை விலகியது. தனியாக நின்று அவன் புலம்பப் புலம்பக் கூட்டம் சிரித்தது. நான் உள்ளே நுழைந்த பிறகும் அவனுக்குத்தான் சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. அங்கவஸ்திரத்தைச் சரி செய்தேன். புருவத்தை ஏற்றி இறக்கினேன். முன்வரிசையில் இருந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. அந்த ருசியில் முதுகைச் சொறிந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் சிரிப்பில்லை, எனக்கும் சிரிப்பில்லை, பின்வரிசையில் நிலக்கடலை உடைக்கிற சத்தம் கேட்டது. தட்டிக்குப் பின்னாலிருந்து தமிழய்யா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “கல்லாட்டம் நில்றா! நீ நெளிஞ்சா அவன் எப்படிறா உன்னப் பாத்துப் பயப்படுவான்?”

ஒரு வாரம் அந்தப் பையன் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் வாய்க்கால் மேட்டில் அவனே ஆரம்பித்தான். “நீ சொறிஞ்சது பரவால்லடா. ஆனா நான் பேசப் பேச நீ என்னப் பாக்கவே இல்ல.”

இதைத்தான் முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சலித்திருக்கிறேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். சிரிப்பு பேசுகிறவனிடத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி, கேட்கிறவன் முகத்தில். சினிமாக்காரர்கள் ரியாக்‌ஷன் என்கிறார்கள், ஏதோ கடைசியில் ஒட்டவைக்கிற சமாச்சாரம் மாதிரி. வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா’ போடுகிறவர்கள் எழுந்து போய்விட்டால் கதை சொல்கிறவர் என்ன செய்வார்?

பிற்பாடு டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். என் கண் முழுக்கச் சிவனாக வரும் சிவாஜி மேலேயே இருந்தது. பேச ஆரம்பித்தால் எதிரே நிற்கிறவரை மறைத்துவிடக்கூடிய நடிகர், இங்கே தருமி துள்ளுவதை ஒரு சின்னச் சிரிப்போடு பார்த்துக்கொண்டு நிற்கிறார். கேள்வி வரும்வரை காத்திருந்து பதில் சொல்கிறார். திரையை நாகேஷுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். நீங்கள் நாலைந்து தடவை பார்த்தேன் என்கிறீர்களே, ஒரு தடவையாவது சிவாஜியைப் பார்த்தீர்களா?

பாலையா இன்னும் மேலே. 1964-ல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. படம் எடுக்கிறேன் என்று அலையும் பிள்ளை செல்லப்பா, பணக்கார அப்பாவுக்குத் திகில் கதை சொல்கிற காட்சி. செல்லப்பா சொல்வதை அப்படியே தாளில் எழுதிப் பாருங்கள், அதில் கதையே கிடையாது. வாயாலேயே போடுகிற சத்தங்களும் இருட்டும்தான் இருக்கும். நாகேஷ் அதைச் செய்கிற வேகம் இருக்கிறதே, அது வேறு யாருக்கும் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கதையை நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டும். நல்லா சாப்பிட்டு வளர்ந்த உடம்பு, எஸ்டேட் முதலாளி, எதையும் விலை பேசுகிற மனுஷன், அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாகிக்கொண்டே போகிறார். முதலில் கண் மட்டும் பயப்படும். அப்புறம் வாய். அப்புறம் மொத்த உடம்பும் சுருங்கும். ஓர் இடத்தில்கூட நம்மைச் சிரிக்க வைக்கப் பார்க்க மாட்டார். அவர் வேலை பயப்படுவது, அதை மட்டும் செய்கிறார். 1936-ல் ‘சதிலீலாவதி’யில் எம்.ஜி.ஆரும் கலைவாணரும் அறிமுகமானபோது கூடவே அறிமுகமானவர் பாலையா. இடைப்பட்ட வருடங்களில் எத்தனையோ படங்களில் வில்லனாக ஜனங்களைப் பயமுறுத்தியவர். பயம் முகத்தில் எங்கே ஆரம்பிக்கும் என்று எதிரே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டாரோ என்னவோ.

நாகேஷுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பது என் எண்ணம். ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் குடிக்கிற டாக்டர் அவர். பக்கத்தில் கம்பெனிக்கு ஆள் இல்லை. சுவரில் விழுகிற தன் நிழலுக்கே கிளாஸை உயர்த்துகிறார். எதிரே ஒருவன் வேண்டும், நிழலாவது வேண்டும். அதற்கு 19 வருடம் கழித்து, 1994-ல் ‘மகளிர் மட்டும்’. அதில் அவர் பிணம். பேச்சில்லை, கண் அசையக்கூடாது. தமிழ் சினிமாவிலேயே துறுதுறுவென்று ஆடிய அந்த உடம்பு, அன்றைக்கு என்னிடம் தமிழய்யா கேட்ட மாதிரியே கல்லாகக் கிடக்கிறது. சுற்றிலும் இருக்கிறவர்கள் பதறுகிறார்கள், நமக்கு வயிறு வலிக்கிறது. அதே வருடம் வந்த ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பாவாக நடித்ததற்குத்தான் தேசிய விருது. என்ன பிரிவில் தெரியுமா? துணை நடிகர். இதைக் குறைவாக நினைத்து வருத்தப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

மூன்று படங்கள் கேட்டிருந்தீர்கள், இல்லையா? மேலே பேச்சுவாக்கில் சொன்னதிலேயே மூன்றுக்கு மேல் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தத் திகில் கதைக் காட்சியை மட்டும் போனில் இன்னொரு தடவை போடுங்கள். கட்டைவிரலை நாகேஷ் மேல் வைத்து மறைத்துவிடுங்கள். அவர் ஓரிடத்தில் இருக்க மாட்டார், விரலும் கூடவே ஓட வேண்டியிருக்கும். பாலையாவை மட்டும் பாருங்கள். எங்கள் ஊர்ப் பையனை நானே மறைக்கச் சொன்னேன் என்று தாராபுரத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.